காலிலிருந்து நரம்பை வெட்டி எடுத்தால் நடக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 44. கரூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் வலது காலில் செருப்பு தானாக நழுவ ஆரம்பித்தது. தெருமுனை வரை போன பிறகுதான் செருப்பு இல்லாததே தெரியும். இப்போது அந்தப் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, புறங்கால் மரத்திருக்கிறது. இரண்டு மாதம் முன்பு இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. ஐந்து கிலோ எடை குறைந்திருக்கிறேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காய்கிறது. சர்க்கரை இல்லை (மூன்று மாத அளவு 5.6). ஈ.எஸ்.ஆர். 68. கரண்டு வைத்துப் பார்க்கும் டெஸ்டில் பல நரம்புகள் தனித்தனியாகப் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று வந்தது. வலது காலில் நரம்பும் தசையும் எடுத்து பயாப்ஸி பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். நரம்பை வெட்டினால் கால் விளங்காமல் போய்விடாதா? ஏற்கெனவே கெட்ட காலில் ஏன் எடுக்க வேண்டும், நல்ல காலில் எடுக்கக் கூடாதா? ஸ்கேன், ரத்தப் பரிசோதனையில் தெரியாதா? கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்கிறார் என் நாத்தனார், உண்மையா? எத்தனை நாள் மெஷின் மிதிக்க முடியாது? தீபாவளி ஆர்டர் கையில் இருக்கிறது.

பின்குறிப்பு: டாக்டர் சீட்டில் 'ஹேன்சன்?' என்று எழுதியிருந்தார். மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு முகம் மாறிப்போனான். வீட்டில் வேறு யாருக்கும் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கடைசியில் எழுதிய அந்தப் பின்குறிப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் காலைப் பார்த்துவிடலாம்.

நம் பேச்சில் 'நரம்பு' என்ற சொல் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறது. கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாயும் நரம்பு, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் 'நரம்பு இழுத்துக்கிச்சு', ஊசி போட நர்ஸ் தேடுவதும் நரம்பு. அதனால் நரம்பை வெட்டப்போகிறார்கள் என்றதும் காலையே தாங்கிப்பிடிக்கிற கயிற்றை அறுக்கிற மாதிரி மனதில் படுகிறது. நாங்கள் நரம்பு என்று சொல்வது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் கம்பியை மட்டும்தான். அதில் இரண்டு வகைச் செய்தி போகிறது: தசையை அசைக்கச் சொல்லும் கட்டளை ஒன்று, தோலில் என்ன பட்டது என்று திரும்பிச் சொல்லும் உணர்ச்சி இன்னொன்று. பயாப்ஸிக்கு நாங்கள் தேர்ந்தெடுப்பது உணர்ச்சியை மட்டும் கொண்டுபோகும் கிளைகளைத்தான்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கும் ஒரு நரம்பையும், அதன் அடியிலேயே இருக்கும் சின்னத் தசை ஒன்றையும் ஒரே கீறலில் எடுக்கத் திட்டமிட்டிருப்பார்கள். அந்த நரம்பு மேலேயே தசைகளுக்கான கிளைகளைக் கொடுத்துவிட்டு, கணுக்காலை நெருங்கும்போது புறங்கால் தோலுக்கு மட்டும் போகிறது. பாதத்தை மேலே தூக்கும் வேலை வேறொரு நரம்புடையது. அதை யாரும் தொடப்போவதில்லை. மெஷின் மிதிக்கும்போது உங்களுக்கு வேண்டியது உள்ளங்கால் உணர்ச்சி. அது காலின் பின்பக்கமாக வரும் இன்னொரு நரம்பு வழியாக வருகிறது. அதற்கும் ஒன்றும் ஆகாது.

ஆனால் ஒன்றுமே இழக்க மாட்டீர்கள் என்று சொன்னால் அது பொய். வெட்டிய நரம்பு பழையபடி சேராது. புறங்காலில் ஓர் இடம் நிரந்தரமாக மரத்திருக்கும். பக்கத்து நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளர்வதால் ஓரிரு வருடத்தில் அந்த இடம் சுருங்கும், முழுதாகப் போகாது. வெட்டிய முனையில் கை பட்டால் சுர்ரென்று கரண்டு அடிப்பது போலச் சில மாதங்கள் இருக்கலாம். சிலருக்கு எரிச்சல் நீண்ட நாள் தங்கி, அதற்குத் தனியாக மாத்திரை தேவைப்படும். கையெழுத்து வாங்கும்போது இதை அவசரமாக வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். நிறுத்திக் கேளுங்கள்.

நல்ல காலில் ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்களே, அருமையான கேள்வி. நல்ல நரம்பை எடுத்துப் பார்த்தால் 'நரம்பு நன்றாக இருக்கிறது' என்று ரிப்போர்ட் வரும், உங்களுக்கு ஒரு வடுவும் மரத்த இடமும் மிஞ்சும். நோய் இருக்கும் இடத்தில்தான் சாட்சி இருக்கும். அதற்காக முழுதாகச் செத்துப்போன நரம்பும் உதவாது. எரிந்து சாம்பலான வீட்டில் தீ எப்படிப் பிடித்தது என்று கண்டுபிடிக்க முடியாதல்லவா? பாதி கெட்ட நரம்புதான் வேண்டும். கரண்டு டெஸ்ட்டை வைத்து அதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். உங்கள் புறங்கால் ஏற்கெனவே மரத்திருப்பதால், புதிதாக இழப்பது குறைவு என்பதும் ஒரு லாபம். தசைக்கும் இதே கணக்கு. இன்னொன்று, கரண்டு டெஸ்டின்போது தசைக்குள் குத்தும் ஈ.எம்.ஜி. ஊசி பட்ட தசையில் அந்தக் குத்தே அழற்சி மாதிரித் தெரியும். அந்தக் காலில் எந்தெந்த இடத்தில் ஊசி குத்தினார்கள் என்று அறுவை செய்பவரிடம் காட்டிவிடுங்கள்.

நாத்தனார் சொன்னதற்கு ஒரே வரியில் பதில்: பரவாது. உங்களுக்குத் தேடுவது புற்றுநோயும் இல்லை. பயாப்ஸி என்றாலே புற்றுநோய் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது, அதுதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம்.

ஸ்கேனும் ரத்தமும் போதாதா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஏனென்றால், பெரும்பாலான நரம்பு நோயாளிகளுக்குப் போதும். சர்க்கரையால் பாதம் எரிகிறவருக்கோ, பி12 குறைந்து மதமதப்பு வந்தவருக்கோ நரம்பை வெட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. சிறு பையனுக்கு டுஷென் தசைச்சிதைவு என்று சந்தேகம் வந்தால் இப்போது முதலில் ரத்தத்தில் மரபணுதான் பார்க்கிறோம். (அந்த நோய்க்குப் பெயர் கொடுத்த பிரெஞ்சு மருத்துவர் டுஷென்தான், 1860களில், உயிரோடிருப்பவரின் தசையிலிருந்து ஒரு துணுக்கு எடுக்க ஊசி போன்ற கருவியைச் செய்தவர். அவர் பெயர் தாங்கிய நோய்க்கே இன்று பயாப்ஸி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.) பயாப்ஸி வேண்டுமா என்று முடிவு செய்ய நான் எனக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ரிப்போர்ட் எப்படி வந்தாலும் நான் எழுதப்போகும் மருந்து ஒன்றேதானா? ஆமாம் என்றால் கத்தியை எடுக்க மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் பதில் 'இல்லை'. ஒரு கால், அப்புறம் ஒரு கை என்று நரம்புகள் ஒவ்வொன்றாக விழுவதற்கு உங்கள் டாக்டர் இரண்டு காரணங்களை யோசிக்கிறார். ஒன்று, நரம்புக்குச் சோறு போடும் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அழற்சி வந்து அடைபடுவது. வாஸ்குலைட்டிஸ் என்போம். எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், ஏறிய ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் ரத்த அளவு) எல்லாம் அந்தப் பக்கம் கை காட்டுகின்றன. இன்னொன்று தொழுநோய். அவர் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை விரலால் உருட்டிப் பார்த்திருப்பாரே? அங்கே ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்றுதான் தேடியிருக்கிறார். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரப்பது பெரும்பாலும் அந்த நரம்பு கெட்டால்தான்.

முதலாவதுக்கு மருந்து, நோய் எதிர்ப்புச் சக்தியை அழுத்திப் பிடிக்கும் ஸ்டீராய்டு பெரிய அளவில், கூடவே சைக்ளோபாஸ்பமைடு போன்ற கடுமையான ஊசி, மாதக் கணக்கில். இரண்டாவதுக்கு மருந்து, கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்து. உள்ளே தொழுநோய்க் கிருமி இருக்கும்போது அதைத் தெரிந்துகொள்ளாமல் எதிர்ப்புச் சக்தியை மட்டும் அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். வாஸ்குலைட்டிஸ் இருக்கும்போது கிருமி மருந்து கொடுத்துக் காத்திருந்தால் அடுத்த மாதம் இன்னொரு கை போகும், சிறுநீரகமும் மாட்டலாம். தொழுநோயிலும் நரம்பு வீங்கினால் ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு, ஆனால் கிருமி மருந்தின் துணையோடு. ஆக, இங்கே ஊகித்து மருந்து எழுத முடியாது.

ரத்தத்தில் ஆங்கா (சில வகை வாஸ்குலைட்டிஸில் தென்படும் எதிர்ப்புப் பொருள்), ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவற்றைப் பார்த்திருப்பார்கள், பார்க்காவிட்டால் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கா பளிச்சென்று பாசிட்டிவாக வந்து, சிறுநீரகத்திலோ நுரையீரலிலோ அதற்கு ஏற்ற தடயமும் இருந்தால், நரம்பில் கை வைக்காமலேயே சிகிச்சை தொடங்குவதுண்டு. எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டும் நரம்பு தடித்திருப்பதைக் காட்டும், ஏன் தடித்தது என்பதைச் சொல்லாது. அல்ட்ராசவுண்டில் கை நரம்போ மணிக்கட்டுப் பக்கத் தோல் நரம்போ நன்றாகத் தடித்திருப்பது தெரிந்தால், காலை விட்டுவிட்டு அங்கே எடுக்கலாமா என்றுகூட உங்கள் டாக்டர் யோசிக்கக்கூடும்.

சரி, அன்றைக்கு என்ன நடக்கும்? காலைச் சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெளிப்பக்கக் காலில் மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். அது எரியும், அரை நிமிடம். அதற்குப் பிறகு தோல் வெட்டுவது தெரியாது. நான்கைந்து சென்டிமீட்டர் கீறல். பம்பரக் கயிற்றைவிடக் கொஞ்சம் மெல்லியதாக, வெள்ளையாக, நரம்பு தெரியும். அதைத் துண்டிக்கும் அந்த ஒரு நொடியில், முழங்கை இடித்துக்கொண்டால் விண்ணென்று ஏறுமே, அதே மாதிரி ஒன்று புறங்காலில் பாயும். நான் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு 'இப்போது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாமல் செய்தால் கால் உதறிக்கொள்ளும். தசைக்குள் மரப்பு மருந்தைப் போட மாட்டோம், போட்டால் தசை இழைகள் சிதைந்து தெரியும். அதனால் தசையை எடுக்கும்போது ஓர் இழுப்பு, பிசைகிற மாதிரி வலி இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்று மாலையே மெதுவாக நடந்து வீட்டுக்குப் போகலாம்.

நோயாளிக்குத் தெரியாத பாதி வேலை அதற்கப்புறம்தான். எடுத்த தசையை உப்புநீரில் லேசாக நனைத்த துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து உடனே லேபுக்கு ஓட வேண்டும். அங்கே திரவ நைட்ரஜனால் குளிர்வித்த ஐசோபென்டேன் என்ற திரவத்தில் முக்கி நொடிகளில் உறையவைப்பார்கள். மெதுவாக உறைந்தால் தசைக்குள் ஐஸ் படிகங்கள் வளர்ந்து, மைக்ராஸ்கோப்பில் ஓட்டை ஓட்டையாக ரொட்டித்துண்டு மாதிரித் தெரியும். நரம்பை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வேறு வேறு விதமாகப் பதப்படுத்த வேண்டும். ஒரு துண்டில் கிருமிக்கான சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கும் அனுப்பலாம்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். எங்கேயோ ஒரு சிறிய நர்சிங் ஹோமில் தொடையில் தசை எடுத்து, முழுத்துண்டையும் ஃபார்மலினில் போட்டு, ஜாம் பாட்டிலைப் பையில் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வாரக் கணக்காக அந்த பாட்டிலைக் கொலு பொம்மை மாதிரி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் மனிதர். ஃபார்மலினில் ஊறிய தசையில் நாங்கள் பார்க்க வேண்டிய நொதிகள் எல்லாம் செத்துப்போயிருக்கும். இன்னொரு தொடையில் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது.

ஆகையால் கத்தி பிடிப்பவர் யார் என்பதோடு, துண்டு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். 'உறையவைக்கிற வசதி இங்கேயே இருக்கிறதா? நரம்பையும் தசையையும் படிக்கிற நோய்க்குறியியல் மருத்துவர் இருக்கிறாரா?' என்று இரண்டே கேள்வி. வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதை வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். வேறு பெரிய மருத்துவமனைகளிலும் இருக்கலாம், கேட்டால் சொல்வார்கள். தேதி கொடுக்கும்போது சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம், வார நாளில் காலையில் கேளுங்கள். லேப் ஆட்கள் இருக்கும் நேரம் அதுதான்.

முழு ரிப்போர்ட் வர மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். அதில் விடை நிச்சயமா? நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். வாஸ்குலைட்டிஸ் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். நாற்பது வீட்டுத் தெருவில் மூன்று வீட்டில் குழாய் அடைத்திருக்கிறது, நாம் போய்க் கதவு தட்டுவது ஒரு வீட்டில். நரம்போடு தசையையும் சேர்த்து எடுப்பது இன்னொரு வீட்டுக் கதவையும் தட்டுவதற்காகத்தான். தசையிலும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, கூடுதலாக ஒரு சாட்சி. 'நரம்பு இழைகள் குறைந்துள்ளன, அழற்சி தெரியவில்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தத் துண்டில் இல்லை, அவ்வளவுதான். அப்போது மற்ற தடயங்களை வைத்து உங்கள் டாக்டர் முடிவெடுப்பார்.

இடையில் யாராவது 'வீக்கத்துக்கு' என்று ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், பார்க்க வேண்டிய அழற்சி மறைந்துவிடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபாரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பயாப்ஸி தேதிக்குள் இன்னொரு கையோ காலோ பலம் குறைந்தாலும், சிறுநீர் சிவந்தாலும், இருமலில் ரத்தம் வந்தாலும், வயிறு கடுமையாக வலித்தாலும் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நிலையில் பயாப்ஸிக்கு முன்பே சிகிச்சை தொடங்குவார்கள், அதில் தவறில்லை.

இப்போது அந்தப் பின்குறிப்பு. ஹேன்சன் என்பது 1873-ல் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த நார்வே மருத்துவரின் பெயர். நோயாளி பதறக் கூடாது என்று நாங்கள் சீட்டில் அப்படி எழுதுகிறோம். மகன் கையில் போன் இருக்கும் காலத்தில் அந்தப் பழக்கத்தால் நோயாளி இரண்டு மடங்கு பதறுகிறார். உட்காரவைத்து வாயால் சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் மகன் போனில் பார்த்த படங்கள் மருந்தில்லாத காலத்து முகங்கள். தோலில் ஒரு தேமல்கூட இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் வகை ஒன்று உண்டு; நம் நாட்டில் அது அபூர்வமில்லை. அதில் கிருமிகள் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் அகப்படாது, அதனால்தான் நரம்பையே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒருவேளை அதுதான் என்று வந்தால், சொல்லப்போனால் இரண்டில் அதற்குத்தான் எளிய மருந்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ. மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவும் தன்மை போய்விடும். தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டியதில்லை. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீர்கள், அது கூட்டு மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் நிறம். பாதம் தூக்க முடியாதது அப்படியே நின்றுவிட்டாலும் வழி இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றித் தைத்துக் கொடுக்கும் அறுவைகளை 1940களின் இறுதியிலிருந்து வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்துகாட்டினார். பாதத்துக்கும் அதே உத்தி உண்டு. வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ரிப்போர்ட் வரும்வரை சொல்லாமலிருப்பதில் பாதகம் ஒன்றுமில்லை. மகனை மட்டும் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறான்.

தீபாவளி ஆர்டரைப் பற்றி: தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள். முதல் இரண்டு மூன்று நாள் உட்காரும்போது காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், கட்டு நனையக் கூடாது. தையல் பிரிக்கும்வரை வலது காலால் மெஷின் மிதிக்க வேண்டாம். இடது காலால் பழகிக்கொள்ளலாம், அல்லது மோட்டார் வைத்த மெஷின் இரவல் கிடைக்கிறதா பாருங்கள். இன்றைக்கே பாதத்தைத் தாங்கும் பட்டை ஒன்று வாங்கி அணியுங்கள், தடுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் அது தனிக் கதை. புறங்காலில் வார் அழுத்தும் செருப்பை மாற்றிவிட்டுப் பின்னால் பட்டி வைத்த மெத்தென்ற செருப்பு போடுங்கள். மரத்த இடத்தில் வார் உரசிக் கொப்புளமானால் உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக, அயர்ன் பாக்ஸ். இடது கையால் துணியை நீவிக்கொண்டே வலது கையால் தேய்ப்பது எல்லாத் தையல்காரர்களுக்கும் பழக்கம். மரத்த சுண்டுவிரல் சூட்டில் பட்டாலும் உங்களுக்கு உறைக்காது. கொஞ்ச நாளைக்குத் தேய்க்கிற வேலையை மகனிடம் கொடுங்கள். தினமும் படுக்கும் முன் இரண்டு கையையும் பாதத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். சிவந்தோ கொப்பளித்தோ இருந்தால் பயாப்ஸிக்குப் போகிற அன்று அதையும் காட்டிவிடுங்கள்.